அறுபத்திரண்டாம் நம்பர்

ஆகஸ்ட் 19

பால் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி அத்தை, நாலு பேர் காதில் விழும்படி, “ஏட்டி மகா, நீ பரோல்ல வந்திருக்கியாமே” என்றாள்.

பரோல். நான் விமானம் ஓட்டுகிறவள். கோ-பைலட். தோளில் மூன்று கோடு. இந்தத் தெருவிலேயே முதன்முதலில் பாஸ்போர்ட் எடுத்தவள்.

விசாரித்ததில் குற்றவாளி அப்பா. கம்பெனி எங்களில் கொஞ்சம் பேரை ‘ஃபர்லோ’வில் அனுப்பப்போகிறது, அப்படியென்றால் வேலை பெயரளவில் இருக்கும், கூப்பிட மாட்டார்கள், சம்பளமும் கிடையாது என்று நேற்று அவருக்கு விளக்கினேன். அவர் டீக்கடையில் போய் அப்படியே சொல்லியிருக்கிறார். டீக்கடையிலிருந்து பால் கடைக்கு வருவதற்குள் அது பரோல் ஆகிவிட்டது.

அப்பாவைக் கேட்டால், “ரெண்டுக்கும் என்னத்தா வித்தியாசம்? பரோல்காரன் உள்ள போவணுமேன்னு அழுவான், நீ வெளிய நிக்கமேன்னு அழுவுற” என்கிறார். அது வேறு, இது வேறு என்று சொன்னேன். கேட்கிற ஆளா. முப்பத்தொரு வருஷம் நூல் மில்லில் ஃபிட்டர், அதில் இருபது வருஷம் சங்கத்தில் வாய் பேசியவர். சமுத்திரம் என்று பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள், சத்தம் ஓயாது.

ஆகஸ்ட் 21

எனக்கே தெளிவாக எழுதி வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இரவில் தலைக்குள் ஓடுகிறது.

பதினாலு விமானங்கள். அதில் ஆறுக்கு எஞ்சின் இல்லை. ரிப்பேருக்குப் போன எஞ்சின்கள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கோ-பைலட்டுகள் எண்பத்திரண்டு பேர். முப்பது பேர் வேண்டாம் என்கிறது கம்பெனி. சீனியாரிட்டி லிஸ்டில் கடைசியில் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே. 53 முதல் 82 வரை காலி. என் நம்பர் 62. முடிவு அமலுக்கு வரும் வரை இந்த முப்பது பேரையும் பறக்க விடுவதில்லை, அதனால்தான் ஊரில் கிடக்கிறேன்.

கேப்டன் தேர்வுக்கு உட்கார 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். என்னுடையது 1412. எண்பத்தெட்டு மணி நேரம். ஒழுங்காக ரோஸ்டரில் பெயர் போட்டுப் பறக்க விட்டால் ஆறு வாரச் சமாச்சாரம். ஃபர்லோவில் போனால் எத்தனை வருஷமோ. நாலாவது கோடு என் தோளுக்கு வருமா வராதா, அதுதான் கேள்வி. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

இதில் நான் பைலட் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர் வேறு. எப்படி ஆனேன்? வீடியோவில் பொதுக்குழு நடந்தபோது கேமராவை அணைத்துவிட்டு தோசை ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது கை தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான்.

ஆகஸ்ட் 27

முதல் சுற்றுப் பேச்சுவார்த்தை, வீடியோவில். கம்பெனி பக்கம் மனிதவளத் தலைவர் ராம்குமார். எங்கள் பக்கம் செயலாளர் கேப்டன் ஜெயபாண்டி, நான், இன்னும் மூன்று பேர்.

ராம்குமார் ‘நாம எல்லாரும் ஒரே குடும்பம்’ என்று ஏழு தடவை சொன்னார். எண்ணினேன். எட்டாவது தடவை ஆரம்பித்தபோது கேப்டன் ஜெயபாண்டி, “அப்ப எங்கள வீட்ட விட்டுத் தொரத்துறது எந்தக் குடும்ப வழக்கம் சார்” என்றார். அதன் பிறகு குடும்பம் வரவில்லை.

யார் போவது என்பதை ‘செயல்திறன்’ பார்த்து முடிவு செய்யலாம் என்றார் ராம்குமார். இதற்குத்தான் வாயைத் திறந்தேன். செயல்திறன் என்றால் உங்களுக்குக் குட் மார்னிங் சொல்பவர்கள் தங்குவார்கள், சொல்லாதவர்கள் போவார்கள், லிஸ்ட் இருக்கிறது, லிஸ்ட்படிதான், ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்றேன். ஜெயபாண்டி தலையாட்டினார். குறிப்பில் ஏறிவிட்டது. ‘சீனியாரிட்டி மட்டுமே — முன்மொழிந்தவர் மகாலட்சுமி.’

நன்றாகப் பேசினேன் என்று எனக்கே தோன்றியது. பேசி முடித்தபோதுதான் பார்த்தேன், மேலே சட்டை யூனிஃபார்ம், கீழே நைட்டி. நல்ல வேளை, எழுந்து நிற்கவில்லை.

செப்டம்பர் 1

ஒன்றுமில்லை. அம்மாவுக்கு மிளகாய் ஆய்ந்து கொடுத்தேன். கண்ணைக் கசக்கிவிட்டேன்.

செப்டம்பர் 5

முப்பது இருபதாகிவிட்டது.

மூன்று மணி நேரம் மல்லுக்கட்டி, ஜெயபாண்டி கத்தி, ராம்குமார் தண்ணீர் குடித்து, கடைசியில் இருபது. 63 முதல் 82 வரை வெளியே. கோடு 62க்குக் கீழே விழுகிறது.

நான் 62.

சிரிப்பு வந்தது. அடக்கினேன். கேமரா இருக்கிறதே. வீடியோ முடிந்ததும் கொல்லைப்பக்கம் போய் ஒரு ஆட்டம் ஆடினேன். யோகேஸ்வரி அத்தை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, “விடுதலையாயிட்டியா” என்று கேட்டாள்.

செப்டம்பர் 6

இன்றைக்குத்தான் உறைக்கிறது, 63 யார் என்று.

ஆபித். திருவில்லிபுத்தூர். பத்து கிலோமீட்டர் தள்ளி. பயிற்சிப் பள்ளியிலிருந்தே என் உயிரை வாங்குகிறவன். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. கேள்வி கேட்டால் பதிலோடு பக்க எண்ணும் சொல்வான். நான் ஒரு தடவை பார்க்கிங் பிரேக்கை எடுக்காமல் விமானத்தை நகர்த்தப் பார்த்ததை மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே நாளில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவருக்கு மேலே இடம் என்பது விதி. நான் மே 20, அவன் ஆகஸ்ட் 11. எண்பத்துமூன்று நாள் மூப்பு எனக்கு. அதனால் நான் 62, அவன் 63.

மே 20 என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது எழுத வேண்டாம்.

செப்டம்பர் 8

ஆபித் நாலு தடவை கூப்பிட்டான். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல?

செப்டம்பர் 9

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

போன் எடுக்காததால் ஆபித் வீட்டுக்கே பைக்கில் வந்துவிட்டான். கையில் ஒரு மனு. இருபதைப் பத்தொன்பது ஆக்கக் கேட்டு. ஒரே ஒரு ஆள்தானே, செயற்குழுவில் நீ பேசு என்று கேட்கத்தான் வந்திருக்கிறான். நியாயமான மனு. பக்க எண் எல்லாம் போட்டிருந்தான்.

அம்மா பாயசத்தோடு வந்தாள். எங்கள் செல்லத்தாய்க்கு வாசலில் யார் வந்தாலும் வாய் நிற்காது.

“தம்பி, சரியான நாளாப் பாத்து வந்திருக்கீக. இன்னிக்கு எங்க மகாவுக்குப் பொறந்தநாளு.”

ஆபித் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான். “இன்னைக்கா?”

“ஆவணி இருவத்துநாலு. அன்னிக்கு அடிச்ச வெயிலு இன்னும் கண்ணுக்குள்ள நிக்கி.”

“அது நட்சத்திரக் கணக்கு” என்றேன் நான். “நட்சத்திரம் வருஷா வருஷம் முன்ன பின்ன வரும்.”

“நாலு மாசம் முன்ன பின்ன வருமா?” என்றான்.

அம்மாவை அடுப்படிக்கு அனுப்ப எத்தனை கண் காட்டினேன். அவள் சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டாள். “அது பெரிய கத தம்பி. பள்ளிக்கூடத்துல சேக்கக் கூட்டிட்டுப் போனப்ப இவளுக்கு அஞ்சு வயசு முடியல. தலைக்கு மேல கையப் போட்டு அந்தப் பக்கத்துக் காதத் தொடச் சொன்னாக. எட்டல. நான் தலையச் சாச்சுப் பிடிச்சேன், அப்பவும் எட்டல. காசிராஜன் வாத்தியார் தங்கமான மனுசன். ஒரு வருசம் எதுக்கும்மா வீணாப் போவணும், மே இருவதுன்னு போட்டுருவோம்னு அவரே எழுதிக்கிட்டாரு.”

இந்த ஊரில் பாதிப் பேருக்கு மே மாதத்தில்தான் பிறந்தநாள். வாத்தியார்கள் எல்லோருமே தங்கமான மனுசர்கள். ஊர் சிரித்துக்கொண்டே சொல்கிற கதைதான் இது. அந்த ஆள் எழுதிய தேதிதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில், பாஸ்போர்ட்டில், லைசென்ஸில், இப்போது சீனியாரிட்டி லிஸ்டில்.

ஆபித் கரண்டியைக் கீழே வைத்தான். இடது கை விரல்களில் எதையோ எண்ணினான். ஆகஸ்ட் 11, செப்டம்பர் 9. இருபத்தொன்பது நாள். அவன் எனக்கு மூத்தவன்.

பிறகு, “இன்னும் கொஞ்சம் பாயசம் இருக்கா ம்மா” என்று கேட்டு வாங்கிக் குடித்தான். மனுவைத் திரும்ப மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போய்விட்டான்.

ஏன் மனுவைத் திருப்பி எடுத்துக்கொண்டான்?

செப்டம்பர் 10

அம்மாவோடு பேசவில்லை. அவள் ஏன் என்று கேட்கவும் இல்லை. நான் வயிற்றுக்கோளாறில் இருப்பதாக நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

செப்டம்பர் 13

ஆபித்திடமிருந்து வாட்ஸப். ‘பாயசம் நல்லா இருந்துச்சு. அம்மாட்ட சொல்லு.’

இது மிரட்டலா? ‘நல்லா இருந்துச்சு’ என்றால் என்ன அர்த்தம்? முற்றுப்புள்ளி வேறு வைத்திருக்கிறான். வாட்ஸப்பில் எவன் முற்றுப்புள்ளி வைக்கிறான்?

செப்டம்பர் 14

அவன் ஒரு மெயில் போட்டால் போதும். நான் ஃபர்லோவில் போவது மட்டுமில்லை, பொய்த் தேதி கொடுத்தாள் என்று லைசென்ஸையே தோண்டுவார்கள். நாலே முக்கால் வயதில் கை காதை எட்டாத குற்றத்துக்கு முப்பத்தொரு வயதில் தண்டனை.

சரி, அவன் மெயில் போடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த இடம் யாருடையது?

இந்தக் கேள்வியை யார் கேட்கச் சொன்னது. சனியன், அதுவாக வந்து உட்காருகிறது.

செப்டம்பர் 18

தாங்க முடியவில்லை, திருவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவன் அத்தா அகமது கபீர் செருப்புக் கடை வைத்திருக்கிறார். அவர் தொழுகைக்குப் போயிருந்தார். கல்லாவில் ஆபித். ஒரு பாட்டியின் காலைப் பிடித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையில் அப்போதும் ஒரு கசங்கல் இல்லை.

பாட்டி போகிற வரை நின்றேன். பிறகு, “எப்ப சொல்லப்போற?” என்றேன்.

“எத?”

“நடிக்காத ஆபித்.”

செருப்புகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினான். “மெயில் எழுதுனேன். மூணு தடவ. மூணு தடவையும் அழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“ஒன் லைசென்ஸு போயிரும். எடம் எனக்கு வரும். அந்த எடத்துல உக்காந்து நான் என்னத்த ஓட்ட?” பெட்டியை மூடிவிட்டு, “அதுக்காக நான் பெரிய மனுசன்னு நெனச்சிக்கிடாத. நாலாவது தடவையும் எழுதலாம்னுதான் இருந்தேன். நீ வந்துட்ட” என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. செருப்புக் கடையில். “எனக்கு விட்டுக்குடுக்க மனசு வரல” என்றேன். “அது ஒன் எடம்னு தெரியும். தெரிஞ்சும் வரல. எண்பத்தெட்டு மணி நேரம்தான் பாக்கி.”

“எனக்குத் தொண்ணூத்தொண்ணு. யாரு ஒன்ன விட்டுக்குடுக்கச் சொன்னா? மூக்கச் சிந்து, ஆளு வருது.”

வந்த ஆளுக்கு முன்னால் சும்மா நிற்க முடியாமல் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். தள்ளுபடி தரவில்லை, படுபாவி. அளவும் சரியில்லை.

செப்டம்பர் 20

முழுசாகக் கொடுத்துவிட எனக்கு முடியாது. அம்புட்டு நல்லவள் இல்லை நான். முழுசாக வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அம்புட்டுக் கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

மில்லில் அப்பா முதல் ஆறு வருஷம் ‘பதிலி’. நிரந்தர ஆள் வராத நாளில் அந்த இடத்தில் நிற்கிற ஆள். சில சமயம் ஒரே இடத்துக்கு இரண்டு பதிலி இருப்பார்கள், ஒரு வாரம் அவர், ஒரு வாரம் இவர். கேட்டுக் கேட்டுப் புளித்த கதை.

ஒரு நம்பர், இரண்டு ஆள். விமானத்துக்கு ஏன் ஆகாது?

செப்டம்பர் 26

மதுரையில் ஒரு ஹோட்டலில் நேருக்கு நேர் பேச்சுவார்த்தை. இன்றைக்குப் பேண்ட் போட்டிருந்தேன்.

கடைசி அம்சமாக என்னுடையதைச் சொன்னேன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு நடுவில் கோடு விழுந்தால், ஒருவரை வைத்து ஒருவரை அனுப்பாமல், அந்த ஒரு இடத்தை இருவரும் மாதம் மாறி மாறிப் பகிர வேண்டும். டிசம்பர் முதல்.

கேப்டன் ஜெயபாண்டி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். வெளியே கூட்டிப்போய், “ஏம்மா, கோடு ஒனக்குக் கீழதான விழுது? நீ தப்பிச்சிட்ட. தப்பிச்சவ எதுக்கு எடத்தப் பங்கு போடுற?” என்றார்.

“அதுக்குத்தான் சார். நான் எனக்காகத்தான் லிஸ்ட்டப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குனேன்னு சொல்லுவாக.”

உண்மையில் பாதி. மீதிப் பாதியைச் சொல்லியிருந்தால் அவர் மயங்கி விழுந்திருப்பார்.

ராம்குமாருக்கு ஒரே சந்தோஷம். செலவில்லாமல் ஒரு நல்ல பெயர். உடனே ஒத்துக்கொண்டார். “இருவரில் வயதில் மூத்தவர் முதல் மாதம்” என்று அவராகவே ஒரு வரி சேர்த்தார். கேட்டால், குழப்பம் வரக்கூடாது பாருங்க என்கிறார். ஐயா, குழப்பத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

செப்டம்பர் 27

அப்பாவிடம் சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன், மூளை கெட்டவள்.

“பதிலியா?” என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். “அந்த முறைய ஒழிக்கத்தான் நாங்க நாப்பத்தோரு நாளு மில்லு கேட்டு வாசல்ல கெடந்தோம். ஜெயில்லயும் ரெண்டு நாளு இருந்தேன். எம் மக போயி அதக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கா. கம்பெனிக்காரன் கேக்காமலே.”

“ஆபித்தும் பொழைக்கணும்லப்பா.”

“அவனுக்கும் முழு எடம் வாங்கிக்குடு. அதுக்குப் பேருதான் சங்கம். பாதி எடத்த வாங்கிக்குடுத்துட்டு, நல்லது செஞ்சேன்னு ஆடாத.”

அவர் சொல்வது சரி. அதுதான் எரிச்சல். இருபதைப் பத்தொன்பது ஆக்கியிருக்க வேண்டும். ஆனால் பத்தொன்பதுக்காக நான் பேசியிருந்தால், 62 மேல் எவன் கண்ணும் விழாமல் நான் சௌகரியமாகத் தப்பியிருப்பேன். அவர் சொல்கிற நியாயத்துக்குள்ளேயும் எனக்கு ஒரு பொந்து இருக்கிறது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. சண்டை போட்டுவிட்டு இரண்டு பேரும் டி.வி. பார்த்தோம்.

அக்டோபர் 10

ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. இருபது பேருக்குப் பதில் பத்தொன்பது பேர் வெளியே, ஒரு இடத்துக்கு இரண்டு பேர். ஜெயபாண்டி குரூப்பில் ‘வெற்றி’ என்று போட்டார். வெளியே போகிற பத்தொன்பது பேரும் அதே குரூப்பில்தான் இருக்கிறார்கள். யாரும் பதில் போடவில்லை.

அக்டோபர் 12

முதல் மாதம் யார் என்பது சின்ன விஷயமில்லை. என் சிமுலேட்டர் சோதனை டிசம்பரோடு காலாவதி. டிசம்பரில் நான் பறந்தால் அந்த மாதமே கம்பெனி செலவில் அதை முடித்துவிடலாம். ஜனவரி வரை காத்திருந்தால் முதலில் சோதனை, பிறகுதான் பறப்பது. பாதி மாதம் போய்விடும். டிசம்பரில் கூட்டமும் அதிகம், மணி நேரமும் அதிகம்.

காகிதப்படி மூத்தவள் நான். டிசம்பர் எனக்கு.

அக்டோபர் 14

மெயில் அனுப்பிவிட்டேன். ‘முதல் மாதத்தை ஆபித்துக்கு விட்டுத் தருகிறேன். சொந்தக் காரணம்.’ அனுப்பிய அடுத்த நிமிஷமே திரும்ப எடுக்க முடியுமா என்று தேடினேன். முடியாது.

மாலையில் ராம்குமாரே கூப்பிட்டார். “மேடம், ரெக்கார்ட்படி நீங்கதான் மூத்தவங்க. உரிமையை ஏன் விடுறீங்க?”

“அவரப் பாத்தா என்னவிட மூத்தவரு மாதிரி இருக்காரு சார்.”

“அப்படியெல்லாம் பாக்க முடியாது மேடம்.”

“நான் பாத்துட்டேன் சார்.”

போனை வைத்துவிட்டார். என்னை லூஸு என்று எழுதி வைத்திருப்பார், ரெக்கார்டில்.

அக்டோபர் 15

ஆபித் கூப்பிட்டான். “ஒனக்கு சிமுலேட்டர் செக் காலாவதி ஆயிரும்ல. ஏன் இப்படிப் பண்ணுன?”

“மூத்தவங்க மொதல்ல போங்கண்ணே.”

“அண்ணேன்னு கூப்புடாத. கேக்கச் சகிக்கல.”

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன்.

டிசம்பர் 1

அவன் பறக்கிறான். நான் கண்மாய்க் கரையில் நடந்தேன். யோகேஸ்வரி அத்தை, “மறுபடியும் உள்ள போடலயா” என்று கேட்டாள். “அடுத்த மாசம்” என்றேன்.

டிசம்பர் 24

ஆபித் இந்த மாதம் இதுவரை 58 மணி நேரம். ரோஸ்டரில் பார்த்தேன். பார்க்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஜனவரி 14

சிமுலேட்டர் முடிந்தது. பாஸ். ஒரு எஞ்சின் அணைந்த விமானத்தை மூன்று தடவை இறக்கிக் காட்டினேன். ஆறு விமானம் எஞ்சின் இல்லாமலேயே நிற்கிற கம்பெனியில் இதைவிடப் பொருத்தமான பரீட்சை கிடையாது.

பாதி மாதம் போய்விட்டது.

ஜனவரி 31

இந்த மாதம் 36 மணி நேரம். மொத்தம் 1448.

பிப்ரவரி 11

ஆபித் 1500 தாண்டிவிட்டான். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். ‘வாழ்த்துகள்’ என்று அனுப்பினேன். இரண்டு கைகூப்பும் போட்டேன்.

போட்டுவிட்டு கொல்லையில் போய் உட்கார்ந்தேன். வயிறு எரியுது. வேற எப்படி எழுத? எரியுது. டிசம்பர நான் வச்சிருந்தா இப்ப எனக்கு முடிஞ்சிருக்கும். யாரு கேட்டா ஒன்ன? அவனே கேக்கலயே. அவன் வாயத் தொறக்கலயே. அம்மாச்சி வீட்டுச் சொத்து மாதிரி தூக்கிக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கேன். ஒரு வாத்தியாரு எழுதுன தேதி, ஊரே அப்படித்தான எழுதியிருக்கு, நான் மட்டும் என்ன யோக்கியம்.

பிப்ரவரி 12

நேற்று எழுதியதைப் படித்தேன். கிழிக்கலாம் என்று இருந்தேன். கிழிக்கவில்லை. உண்மைதானே.

பிப்ரவரி 27

கேப்டன் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம் வந்தது. 1500 முடித்த மேல் நம்பர்காரர்கள் ஏற்கெனவே பயிற்சிக்குப் போய்விட்டார்கள், லிஸ்ட்படி அடுத்த ஆள் ஆபித். எனக்கு இன்னும் 52 மணி நேரம் பாக்கி. அதனால் நான் கணக்கிலேயே இல்லை.

அவன் பயிற்சிக்குப் போவதால் 62 இனி எனக்கு மட்டும். முழு மாதம். அப்பா கேட்டுவிட்டு, “பதிலிக்கு நிரந்தரமாயிட்டு” என்று சொல்லிவிட்டு மில் நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கப் போனார். எனக்கு என்ன சந்தோஷம், என்ன துக்கம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அம்மா கேசரி கிண்டினாள். சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3

1500. மதுரை ரன்வேயில் சக்கரம் தொட்டபோது. பக்கத்தில் இருந்த கேப்டனிடம் சொன்னேன். “அப்படியா” என்றார். அடுத்த தேர்வு எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மே 9

வெளியே போன பத்தொன்பது பேரில் ஏழு பேரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு எஞ்சின்கள் வந்துவிட்டன. ஜெயபாண்டி குரூப்பில் ‘வெற்றி’ என்று போட்டார். இந்தத் தடவை பதில்கள் வந்தன. மீதிப் பன்னிரண்டு பேருக்காக அடுத்த வாரம் பேச்சுவார்த்தை. அப்பா சொன்னதை மனதில் வைத்திருக்கிறேன். முழு இடம்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 22

காலை 6.10, மதுரை – சென்னை. கேப்டன் ஆபித். கோ-பைலட் மகாலட்சுமி.

நேற்று ரோஸ்டரில் இரண்டு பெயரையும் சேர்த்துப் பார்த்ததிலிருந்தே ஒரு மாதிரியாக இருந்தது. விடியும் முன்னே ஏர்போர்ட்டில் நின்றேன். அவன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான், நாலு கோட்டோடு. சட்டையில் கசங்கல் இல்லை. “குட் மார்னிங், கேப்டன்” என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. அவன் காது இரண்டும் சிவந்துபோனது.

சோதனைப் பட்டியலைப் படித்தோம், சுவிட்சுகளைப் பார்த்தோம். போகிற வழி அவன் ஓட்டினான். கேப்டனின் உரிமை. கையில் ஒரு நடுக்கம் இல்லை. நான் குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

சென்னையில் இறக்கினான். தடால். முதுகெலும்பு வரை ஏறியது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

எனக்கு எம்புட்டு சந்தோஷம்.

வண்டி நின்றதும், முகத்தை ஒழுங்காக வைத்துக்கொண்டு, “நல்ல லேண்டிங், கேப்டன்” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். “நீ பொய் சொன்னா எனக்குத் தெரியும் மகா” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும். ஏணி கொண்டுவந்த ஆள் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

திரும்பி வரும்போது நான் ஓட்டினேன். மதுரையில் சக்கரம் தொட்டது யாருக்கும் தெரியவில்லை.